நாங்கள் செய்த பூப்பெட்டிகள்
(ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவியர்)

2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வரை எங்களுக்குத் தெரிந்த பெட்டிகள் இரண்டே. ஒன்று டிபன் பெட்டி, மற்றொன்று ஜியாமெட்ரி பெட்டி. முன்னதை மணி அடிக்கும் முன்பே திறந்துவிடுவோம். பின்னதைக் கணக்கு டீச்சர் இரண்டு முறை அதட்டிய பிறகே திறப்போம். அப்படிப்பட்ட நாங்கள் கிறிஸ்து பிறப்பு விழாவுக்குள் 164 அட்டைப் பெட்டிகளைச் செய்து, ஒவ்வொன்றின் மூடியிலும் மூன்று காகிதப் பூக்களை மலர வைத்தோம் என்றால், இந்த ஆண்டு மலரைப் படிக்கும் எங்கள் பெற்றோரே நம்பமாட்டார்கள். வீட்டில் குடித்த டம்ளரைக்கூடக் கழுவி வைக்காதவள் என்று பெயர் வாங்கியவர்கள் எங்களுள் பலர்.

ஒவ்வோர் ஆண்டும் எங்கள் ஊர் முதியோர் இல்லத்தில் இருக்கும் பெரியவர்களுக்கு ஒன்பதாம் வகுப்பினர் கிறிஸ்துமஸ் பரிசு கொண்டுபோவது வழக்கம். சோப்பு, சீப்பு, கைத்துண்டு என்று எளிய பொருட்கள்தாம். அவற்றைப் பளபளக்கும் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, ரிப்பன் கட்டி எடுத்துப்போவார்கள். எங்களுக்கு முந்தைய வகுப்பு அக்காமார் அவ்வாறு கொடுத்துவிட்டு வந்த மறுநாள், கைவேலை சிஸ்டர் ஏதோ அலுவலாக அந்த இல்லத்துக்குப் போயிருக்கிறார்கள். முற்றத்து வேப்பமரத்தடியில் தாள்கள் காற்றில் பறந்துகொண்டிருந்தனவாம். குனிய முடியாத ஒரு தாத்தா கைத்தடியால் அவற்றைக் குத்திக் குத்திச் சேர்த்துக்கொண்டிருந்தாராம். "ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. நாம் அதைப் பற்றிக் கட்டுரைப் போட்டி வைத்துப் பரிசும் கொடுக்கிறோம். அந்தப் பரிசையும் பிளாஸ்டிக் தாளில் சுற்றித்தான் கொடுக்கிறோம்!" என்றார்கள் சிஸ்டர். எங்களுக்குச் சிரிப்பு வந்தது, சிஸ்டருக்கு வரவில்லை.

ஆகவே பெட்டிகளைக் காகித அட்டையில் நாமே செய்வது என்று முடிவாயிற்று. இல்லத்துக்கு 64, பள்ளிக் கிறிஸ்துமஸ் கடையில் விற்க 100. விற்ற பணத்தில் அட்டைச் செலவு போக மிஞ்சுவதைக்கொண்டு பெரியவர்களுக்குப் பொருள் வாங்க வேண்டும். நன்கொடை கேட்டு யார் வீட்டு வாசலிலும் நிற்பதில்லை.

எங்கள் ஊரிலிருந்து சிவகாசி பேருந்தில் அரை மணி நேரம். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள் என்பதும், தீப்பெட்டிக்குப் படம் ஒட்ட வேண்டியிருந்ததால் அச்சுத் தொழிலும் அங்கே தழைத்தது என்பதும் எங்கள் பக்கத்துச் சிறு குழந்தைக்கும் தெரிந்த கதை. காலண்டரும், நோட்டுப் புத்தகமும், திருமணப் பத்திரிகையும் கழிவுத் தாளாகக்கூட எங்கள் வீடுகளில் குவிந்து கிடக்கும். ஆகவே காகிதம் நமக்குப் புதிதா என்ன என்ற இறுமாப்புடனேயே இறங்கினோம்.

இறுமாப்பு முதல் நாளே இறங்கியது.

அளவு இதுதான்: 18 சென்டிமீட்டர் சதுர அட்டை. நான்கு புறமும் 4 சென்டிமீட்டர் உள்ளே தள்ளிக் கோடு போட்டு மடித்தால் 10 சென்டிமீட்டர் சதுரமும் 4 சென்டிமீட்டர் உயரமும் உடைய பெட்டி. அதே அளவில் இன்னொன்று செய்தால் மூடி. இப்படித்தான் நாங்கள் நினைத்தோம். முதல் மாலை 20 பெட்டிகளும் 20 மூடிகளும் செய்து வரிசையாக வைத்தோம். ஒரு மூடியாவது பெட்டியின் மேல் உட்கார வேண்டுமே! எப்படி உட்காரும்? இரண்டும் ஒரே அளவு. அமுக்கிய இடத்தில் மூலை கிழிந்தது. மூடியின் அடிச்சதுரம் பெட்டியைவிட 2 அல்லது 3 மில்லிமீட்டர் கூட இருக்க வேண்டும் என்பது, 20 அட்டைகளைப் பாழாக்கிய பிறகு நாங்கள் கண்டுபிடித்த பேருண்மை.

அடுத்து மடிப்பு. ஒருத்தி மடித்தால் கத்தியால் கீறியதுபோல் நேராக வருகிறது. இன்னொருத்தி மடித்தால் மடிப்பு நெடுகிலும் அட்டை வெடித்து நார் நாராகப் பிரிகிறது. கைராசி என்றே சில நாள் நம்பினோம். பிறகு சிஸ்டர் ஓர் அட்டைத் துண்டைக் கொடுத்து, இரு திசையிலும் மெல்ல வளைத்துப் பார்க்கச் சொன்னார்கள். ஒரு திசையில் சொன்னபடி கேட்டது. மறு திசையில் முரண்டு பிடித்தது. பொறியில் காகிதம் தயாராகும்போது கூழிலுள்ள நார்களில் பெரும்பாலானவை பொறி ஓடும் திசையிலேயே படுத்துவிடுகின்றன. அந்த நாரோட்டத்துக்கு இணையாக மடித்தால் மடிப்பு படியும். குறுக்காக மடித்தால் வெடிக்கும். பெட்டிக்கோ இரண்டு திசையிலும் மடிப்பு உண்டு. என்செய்வது? மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அடிமட்டத்தை ஒட்டி அழுத்திக் கோடிட்டு, அட்டையின் உடம்பில் ஒரு பள்ளம் ஏற்படுத்திவிட்டால் குறுக்கு மடிப்பும் அடங்கி வரும். அன்று முதல் பள்ளியில் மை தீர்ந்த பேனாக்களுக்கு ஏற்பட்ட கிராக்கியைச் சொல்லி முடியாது. ஆறாம் வகுப்புத் தங்கைமாரிடம் கெஞ்சி வாங்கினோம்.

பூக்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் பக்கம் போதாது. அதிலும் ஐந்து இதழ்ப் பூ! எட்டு இதழ் எளிது. வட்டத்தை மூன்று முறை பாதி பாதியாக மடித்தால் தானே எட்டு வந்துவிடும். ஐந்துக்கு ஜியாமெட்ரி பெட்டியைத் திறக்க வேண்டியதாயிற்று. வட்டத்தைப் பாதியாக மடித்து, அந்த 180 பாகையைக் கோணமானியால் 36 பாகையாக ஐந்து பங்கிட்டு, விசிறிபோல் மடித்து, நுனியை ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் தாழும்படி சரிவாக வெட்ட வேண்டும். விரித்தால் ஐந்து இதழ். நுனியை இருபுறமும் ஒரேபோல் வளைத்து வெட்டினால் பத்து இதழ். எங்களில் பாதிப் பேர் பத்தே வெட்டினோம். "இது என்ன பூ?" என்று சிஸ்டர் கேட்டபோது "அவசரப் பூ, சிஸ்டர்" என்று பின்வரிசையிலிருந்து பதில் வந்தது.

வெட்டிய இதழ்களை உள்ளங்கையில் வைத்துக் கரண்டியின் முதுகால் அழுத்தினால் குழிந்து உயிர் பெறும். பெரியது, நடு, சிறியது என்று மூன்று அடுக்கை இதழ் மாற்றி ஒட்டினால் ஒரு பூ. மூடியில் கறுப்புத் தாளை ஒட்டி அதன்மேல் பூவை வைத்தோம். அந்த யோசனை எங்களுடையதன்று. மேரி டெலனி என்ற ஆங்கிலப் பெண்மணி 1772இல், தம்முடைய 72ஆம் வயதில், வண்ணத் தாள்களைக் கத்தரித்துக் கறுப்புப் பின்னணியில் பூக்களை ஒட்டத் தொடங்கினாராம். பார்வை மங்கி நிறுத்துவதற்குள் ஆயிரத்துக்குச் சற்றுக் குறையச் செய்துவிட்டார். அவை இன்றும் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. 72 வயதில் ஒருவர் தொடங்கியதை 14 வயதில் நாங்கள் "கை வலிக்குது" என்று சொல்லலாமா? சொன்னோம், தினமும் சொன்னோம்.

பசையின் கதை சோகமானது. மைதாவைக் காய்ச்சி எடுத்துவந்தோம். மூன்றாம் நாள் பூஞ்சை பூத்தது. அலமாரியில் வைத்த இதழ்களைக் கரப்பான்பூச்சிகள் நுனி நுனியாகத் தின்று தீர்த்தன. புத்தகம் கட்டுகிறவர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள், பூச்சி அண்டாது என்று ஒரு தோழியின் தாத்தா சொல்லியனுப்பினார். நீலநிறப் பொட்டலத்துடன் அவள் வந்து நின்றதைக் கண்ட அறிவியல் சிஸ்டர் ஓடிவந்து பிடுங்கிக்கொண்டார்கள். அது நஞ்சு, தின்பண்டம் வைக்கும் பெட்டியில் அதற்கு இடமில்லை. கடையில் விற்கும் வெள்ளைக் கோந்துக்கு மாறினோம். அக்டோபரில் மழை தொடங்கிவிட்டதால் ஒட்டிய மூலைகள் காய மறுத்தன. துணி உலர்த்தும் கிளிப்பைக் கவ்வக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவோம்.

ஒரு பெட்டிக்கும் அதன் மூன்று பூக்களுக்கும் எங்களுக்கு ஆன நேரம் ஒரு மணி பத்து நிமிடம். அக்டோபர் முடிந்தபோது கைவசம் இருந்தவை 31 பெட்டிகள். இன்னும் 133 பாக்கி. மனத்தில் கோபம் மூண்டது. கோபத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது.

எங்கள் வகுப்பில் 38 பேர். மாலை நான்கு மணிக்குமேல் உட்கார்ந்து வேலை செய்தவர்கள் 37 பேர். கடைசி வரிசைத் தோழி ஒருத்தி மட்டும் மணி அடித்ததும் பையை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அவள் பெயரை எழுத வேண்டாம் என்று அவளே கேட்டுக்கொண்டாள். மற்றவற்றை எழுத அவளிடமும் அவள் வீட்டாரிடமும் அனுமதி பெற்றிருக்கிறோம். "ஒரு நாளாவது இருந்து செய்யேன்டி" என்றால், "எனக்கு இது பிடிக்கல" என்பாள். காரணம் சொல்லமாட்டாள். அழகாக எழுதுவாள், கணக்கில் புலி. ஆனால் ஒரு பூகூட வெட்டித் தந்ததில்லை. நவம்பர் முதல் வாரத்தில் நாங்கள் ஒரு காரியம் செய்தோம். "மேற்படி மாணவி பொதுக் காரியத்தில் ஒத்துழைப்பதில்லை. பிறர் உழைப்பில் வகுப்புக்குக் கிடைக்கும் நற்பெயரில் பங்குகொள்ள அவளுக்கு உரிமை இல்லை" என்று ஒரு கடிதம் எழுதி, 37 பேரும் கையெழுத்திட்டுச் சிஸ்டரிடம் கொடுத்தோம். கையெழுத்திடத் தயங்கிய இருவரையும் நாங்களே வற்புறுத்தினோம் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறோம்.

சிஸ்டர் படித்தார்கள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "சனிக்கிழமை காலை உங்களில் ஐந்து பேர் என்னோடு வாருங்கள்" என்று மட்டும் சொன்னார்கள்.

ஐவரும் போனோம். தெருக்கோடியில் ஓட்டு வீடு. உள்ளே கால் வைக்க இடமில்லை. ஏனென்றால் வீடு முழுக்கப் பெட்டிகள்! இனிப்புக் கடைப் பெட்டிகள், பரிசுப் பெட்டிகள், சிவப்பும் பொன்னுமாகக் கூரை வரை அடுக்கியிருந்தன. நடுவே எங்கள் தோழியும் அவள் தாயாரும் எதிரெதிரே அமர்ந்திருந்தார்கள். பசைக் கிண்ணம் நடுவில். தோழியின் கை போவதும் வருவதும் தெரியவில்லை. ஒரு மடிப்பு, ஒரு தடவல், ஓர் அழுத்தல், ஒரு தள்ளல். எங்களில் ஒருத்தி மனத்துக்குள் எண்ணிப் பார்த்தாள். பத்து எண்ணுவதற்குள் ஒரு பெட்டி. நாங்கள் ஒரு மணி பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளும் பெட்டி!

எங்களைப் பார்த்ததும் அவள் கை நின்றது. அத்தை எழுந்து முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க சிஸ்டர், வாங்கம்மா... உக்காரக்கூட எடமில்ல பாருங்க" என்று கூச்சத்துடன் பெட்டிகளை ஒதுக்கினார்கள். தோழி எங்களைப் பார்க்காமல் சிஸ்டரைப் பார்த்துச் சொன்னாள்: "ராத்திரி பத்து மணி வரைக்கும் இதத்தான் ஒட்டுறேன் சிஸ்டர். அங்க வந்தும் இதத்தான் ஒட்டணுமா?"

நாங்கள் ஐவரும் தரையைப் பார்த்தோம். தரையிலும் பெட்டிகள்தாம் இருந்தன.

சிஸ்டரும் அத்தையும் உள்ளறையில் நெடுநேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து தோழி மாலைப் படிப்புக்குப் பள்ளியிலேயே நின்றாள் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். நாங்கள் வாசலில் காத்திருந்தபோதுதான் மாமா வந்தார். தோழியின் தந்தையை மாமா என்றே நாங்கள் எல்லோரும் அழைக்கிறோம். வலக்கையால் எங்களுக்குக் கலர் பாட்டில்களைக் கொடுத்தார். இடக்கையில் இரண்டு விரல்கள் இல்லை.

மாமா அட்டை வெட்டும் பொறியில் வேலை பார்த்தவர். அட்டையை ஒவ்வொன்றாகக் கையால் உள்ளே வைக்க வேண்டும்; பொறியின் வாய் மூடித் திறப்பதற்குள் வெட்டியதை எடுத்துப் புதியதை வைக்க வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அச்சகத்தில், இரவு வேலையில், ஓர் அட்டை கோணலாக விழுந்திருக்கிறது. நேராக்கக் கை போயிற்று. "அட்டை நேராயிருச்சு" என்றார் மாமா. சிரித்துக்கொண்டே சொன்னதால் நாங்களும் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டோம். இப்போது அவர் பொறியருகே போவதில்லை. டை கட்டும் பட்டறையில் உட்கார்ந்த வேலை.

டை என்றால் என்ன என்று எங்களுக்கு அன்றுதான் விளங்கியது. பிளைவுட் பலகையில், வேண்டிய வடிவத்துக்குக் கோடாக அறுத்து, அந்தக் கோட்டுக்குள் எஃகுப் பட்டையை வளைத்துச் செருகிவிடுகிறார்கள். இதைத் தொழிலில் ரூல் என்கிறார்கள். உயரம் கிட்டத்தட்ட 24 மில்லிமீட்டர். வெட்ட வேண்டிய இடத்தில் கூர்மையான ரூல். மடிக்க வேண்டிய இடத்தில் சற்றே குட்டையான மழுங்கிய ரூல். கூர் ரூலின் இரு பக்கமும் ரப்பர்த் துண்டுகளை ஒட்டியிருப்பார்கள். அழுத்தும்போது ரப்பர் அமுங்கி இடங்கொடுக்கும். விட்டவுடன் நிமிர்ந்து, வெட்டிய காகிதத்தைக் கத்தியில் சிக்காமல் வெளியே தள்ளிவிடும். "வெட்டுற ரூலுக்கும் மடிக்கிற ரூலுக்கும் வித்தியாசம் ஒரு மயிரிழைதான் பாப்பா. அந்த மயிரிழைலதான் பெட்டியே இருக்கு" என்றார் மாமா.

இந்த மயிரிழைக்கு ஒரு வரலாறு உண்டு என்று பின்னால் நூலகத்தில் படித்தோம். 1879இல் அமெரிக்காவின் புரூக்ளின் நகரில் ராபர்ட் கேர் என்பவருடைய அச்சகத்தில் விதைப் பைகளை அச்சிட்டுக்கொண்டிருந்தார்கள். பைகளை மடிப்பதற்காகப் பொருத்திய உலோகப் பட்டை ஒன்று இடம் நகர்ந்து, பைகளை மடிக்காமல் வெட்டிவிட்டது. சரக்கெல்லாம் பாழ். கேர் மட்டும் அதையே உற்றுப் பார்த்து, வெட்டுவதையும் மடிப்பதையும் ஒரே அழுத்தலில் முடித்துவிடலாமே என்று எண்ணினார். அட்டைப் பெட்டிகள் ஆயிரக்கணக்கில் குவிந்தது அதன் பிறகே. மாமாவிடம் இதைச் சொன்னபோது, "அங்கயும் ஒருத்தன் ரூல சரியா கட்டாம விட்டுருக்கான்" என்று சொல்லி வெகுநேரம் சிரித்தார்.

திரும்பி வரும் வழியில் சிஸ்டர் எங்கள் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். "இதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. கிழித்துப்போட எங்களுக்குத் துணிவு வரவில்லை. வகுப்பு அலமாரியின் அடித்தட்டில் அது இன்னும் இருக்கிறது. திங்களன்று தோழியிடம் மன்னிப்புக் கேட்டோம். முப்பத்தேழு பேர் ஒரே நேரத்தில் சூழ்ந்துகொண்டு மன்னிப்புக் கேட்டால் யார்தான் மிரளமாட்டார்கள்? "சரி, சரி, தள்ளுங்கடி, காத்து வரல" என்றாள்.

அந்த வாரக் கடைசியில் மாமா ஒரு பொருளைத் துணியில் சுற்றி அனுப்பியிருந்தார். பட்டறையில் மிஞ்சிய துண்டு ரூல்களால் அவரே வளைத்துக் கட்டிய பூ டை! உள்ளங்கை அகலப் பலகையில் ஐந்து இதழ்ப் பூ, பெரிது, நடு, சிறிது என மூன்று. ஒரே அழுத்தலில் ஒரு பூவின் மூன்று அடுக்கும் வந்துவிடும். ஆனால் பொறிக்கு எங்கே போவது? அச்சகத்துக்குக் கொண்டுபோய் வெட்டி வாங்கலாம் என்றோம். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகள் அந்தப் பொறிப் பக்கமே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

நூலக மாடிப்படியின் கீழே கறுத்த இரும்புச் சாமான் ஒன்று பல்லாண்டுகளாகக் கிடந்தது. மேலே பெரிய கைப்பிடிச் சக்கரம், நடுவே தடித்த திருகு, கீழே இரண்டு இரும்புத் தட்டுகள். பழைய நாளில் பதிவேடுகளைக் கட்டி அழுத்துவதற்குப் பயன்பட்டதாம். நாங்கள் அதன்மேல் குடைகளை மாட்டுவோம். சிஸ்டர் அதைக் காட்டினார்கள். மாமாவே வந்து பார்த்தார். தையல் மெஷின் எண்ணெய் ஒரு பாட்டில் முழுக்கக் குடித்த பிறகு திருகு அசைந்தது. கீழ்த்தட்டில் டையை வைத்து, அதன்மேல் வண்ணத்தாள் நான்கு, அதன்மேல் ஒரு கனத்த பலகை. சக்கரத்தைச் சுற்றி இறுக்க வேண்டும். திறந்து பார்த்தால் பன்னிரண்டு இதழ் வட்டங்கள், நான்கு பூக்களுக்கு. ஓரங்கள் அவ்வளவு சுத்தம்!

"ஓடுற மெஷினு நீ கைய எடுத்தியான்னு பாக்காது பாப்பா. இது அப்படியில்ல, நீ சுத்துனாத்தான் எறங்கும்" என்று சொல்லி, இருந்தும் சக்கரம் சுற்றுகிறவள் ஒருத்தி, தாள் வைக்கிறவள் வேறொருத்தி என்று இருக்கக்கூடாது, இரண்டையும் ஒருத்தியே செய்ய வேண்டும் என்று சட்டம் போட்டார். ஒருத்தியின் கை உள்ளே இருக்கும்போது இன்னொருத்தி சுற்றிவிடக்கூடாதல்லவா?

எங்கள் தோழி டையையும் தொடவில்லை, தாளையும் தொடவில்லை. ஓரமாக உட்கார்ந்து கணக்கு எழுதினாள். 164 பெட்டி, பெட்டிக்கு மூன்று பூ, மொத்தம் 492 பூ. ஒரு சுற்றுக்கு நான்கு பூ. ஆக 123 சுற்று. (கரப்பான்பூச்சி தின்றவை போகக் கையால் வெட்டிய பூக்கள் கொஞ்சம் இருந்தன. அவற்றை டைப் பூக்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு நாங்களே ஒதுக்கிவிட்டோம்.) முதல் நாள் கைவேலை சிஸ்டர் வெட்டிய சிறு துண்டொன்றை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு தம் செபப்புத்தகத்திலிருந்து ஒரு பழைய திருப்படத்தைக் காட்டினார்கள். ஓரமெல்லாம் லேஸ் பின்னியதுபோல் துளைகள். ஐரோப்பாவில் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் மடங்களில் இருந்த கன்னியர் இத்தகைய படங்களின் ஓரத்தைச் சிறு கத்தியால் மணிக்கணக்கில் கொத்தி எடுத்தார்களாம். அவற்றுக்கு 'கானிவே' என்று பெயர். 19ஆம் நூற்றாண்டில் பாரிசில் அதையே பொறியில் அச்சு வைத்துத் துளைத்துவிட்டார்கள். சிஸ்டர் வைத்திருப்பது பொறியில் செய்ததே. "கையால் செய்தது எவ்வளவு அழகாக இருந்திருக்கும்!" என்றாள் எங்களில் ஒருத்தி. "கண் எவ்வளவு வலித்திருக்கும்!" என்றார்கள் சிஸ்டர்.

இப்போது ஒரு பெட்டிக்கு அரை மணி நேரம் போதுமானதாயிற்று. விலை வைக்கும் நாள் வந்தது. அட்டை, தாள், கோந்து எல்லாம் சேர்த்துப் பெட்டிக்கு 11 ரூபாய். நாங்கள் 25 ரூபாய் என்று எழுதிக் கொடுத்தோம். தோழி வாங்கிப் பார்த்தாள்.

"கூலி எங்க?"

"கூலியா? நாமதானே செய்யறோம்?"

"அரை மணி நேரம் ஆகுதுல்ல? அது சும்மாவா?"

யாருக்கும் பதில் தெரியவில்லை. "வாங்கிக்கிறதும் வேண்டாங்கிறதும் நம்ம இஷ்டம். ஆனா எழுதணும். எழுதாம விட்டா, அது ஒண்ணுமே இல்லாத மாதிரி ஆயிரும்" என்றாள். பிறகு அவளே எழுதினாள்: சாமான் 11, கூலி 24, பாழானதற்கு 5, ஆக 40 ரூபாய். பக்கத்தில் இன்னொரு கணக்கும் போட்டாள். 25 ரூபாய்க்கு நூறும் விற்றால், 164 பெட்டிக்கான சாமான் செலவு 1804 போக மிஞ்சுவது 696. ஒரு பெரியவருக்குப் பதினொரு ரூபாய்கூட வராது. ஒரு சோப்போடு சரி! நாங்கள் வாயை மூடிக்கொண்டோம்.

அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய சனிக்கிழமை கடை. பெற்றோர் நிறையப் பேர் வந்திருந்தார்கள். பூவைத் தொட்டுப் பார்த்து, "நிஜமாகவே நீங்களா செய்தீர்கள்?" என்று கேட்காதவர்கள் இல்லை. விலையைக் கேட்டதும் சில முகங்கள் மாறின. ஒருத்தியின் அம்மாவே (யார் என்று சொல்லமாட்டோம், அவர்களும் இம்மலரைப் படிப்பார்கள்) "வெறும் காகிதப் பெட்டிக்கு நாற்பது ரூபாயா? கடையில இதவிடப் பெருசா பத்து ரூபாய்க்குக் கிடைக்குமே" என்றார்கள். நாங்கள் விழித்தோம். கணக்கு நோட்டுடன் உட்கார்ந்திருந்த தோழி எழுந்து, "கெடைக்கும் ஆன்ட்டி. அதுவும் யாராவது கையால ஒட்டுனதுதான்" என்றாள், பணிவாக. அந்த அம்மா மூன்று பெட்டிகள் வாங்கிப் போனார்கள். மாலைக்குள் 97 விற்றன. 3880 ரூபாய், செலவு போக 2076. ஆளுக்கு முப்பத்திரண்டு ரூபாய்க்குச் சற்று மேல்.

என்ன வாங்குவது என்பதில் ஒரு நாள் போயிற்று. கோவில்பட்டிக் கடலை மிட்டாய் என்றோம், "பல்லுக்கு என்ன செய்வார்கள்?" என்றார்கள் சிஸ்டர். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா என்றோம், "சர்க்கரை நோய்க்கு என்ன செய்வார்கள்?" என்றார்கள். கடைசியில் சோப்பும் கைத்துண்டும் இரண்டு பொறைரொட்டியும் வைத்தோம். ரொட்டியின் கீழே எண்ணெய்த்தாள்.

தேர்வு முடிந்த மறுநாள் இல்லத்துக்குப் போனோம். குடிலின் முன் பாட்டுப் பாடிவிட்டுப் பெட்டிகளைக் கொடுத்தோம். ஒரு பாட்டி திறக்கவே இல்லை, "பூ உதுந்துருமா?" என்று கேட்டு, உதிராது என்று நாங்கள் சொன்ன பிறகும் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தார்கள். ஒரு தாத்தா சோப்பையும் துண்டையும் எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டு, தம் மாத்திரைகளை எல்லாம் பெட்டிக்குள் அடுக்கி, மூடி சரியாக உட்காருகிறதா என்று பார்த்தார். உட்கார்ந்தது. (மூன்று மில்லிமீட்டர்!) அன்று முற்றத்தில் ஒரு தாள்கூடப் பறக்கவில்லை.

விற்காமல் மூன்று பெட்டிகள் மிஞ்சியிருந்தன. ஒன்றைக் கைவேலை சிஸ்டருக்கும், ஒன்றை மாடிப்படியின் கீழே எங்களைப் பொறுத்துக்கொண்ட நூலக டீச்சருக்கும் கொடுத்தோம். மூன்றாவதை எடுத்துக்கொண்டு ஐவரும் மறுபடி அந்தத் தெருக்கோடி வீட்டுக்குப் போனோம். கொடுக்கலாமா என்று வழியெல்லாம் எங்களுக்குள் வாக்குவாதம். பெட்டிகளுக்கு நடுவே வாழ்கிறவர்களுக்குப் பெட்டியைப் பரிசாகக் கொடுப்பதா? தோழிதான் "கொண்டாங்க, பாத்துக்கலாம்" என்றிருந்தாள்.

மாமா பூவைத் தொட்டுப் பார்த்து, ரூல் நன்றாகத்தான் நின்றிருக்கிறது என்று தமக்கே சொல்லிக்கொண்டார். அத்தை பெட்டியை வாங்கினார்கள். பூவைப் பார்க்கவில்லை. மூடியைக் கழற்றி, பெட்டியைக் கவிழ்த்து, நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் தடவினார்கள். நாங்கள் மூச்சுவிடவில்லை. கணக்கு டீச்சர் எங்கள் விடைத்தாளைத் திருத்தும்போதுகூட அப்படி நின்றதில்லை.

"நல்லாத்தாம்மா செஞ்சிருக்கீங்க" என்றார்கள் அத்தை. பிறகு நான்காவது மூலையைத் திரும்பவும் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, "பசைதான் கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார்கள்.